தங்கம் என்ற சொல் மட்டும் வேண்டாமாம்

ஹனானை உங்களுக்குத் தெரியாது. சூடான்காரி, நாற்பது வயது, மூன்று பிள்ளைகள். சூரிச்சில் ஒரு முதியோர் இல்லத்துச் சலவை அறையில் ஆறு வருடம் நானும் அவளும் ஒன்றாகப் படுக்கை விரிப்பு மடித்தோம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அவள் இன்னும் மடிக்கிறாள். மடிக்கும்போது அவள் வாய் சும்மா இருக்காது. அரபியில் சடசடவென்று கொட்டுவாள். யாரையோ திட்டுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அது ராப் என்று தெரிந்தது. திட்டுத்தான், ஆனால் ஆளை இல்லை, ஆட்சியை.

லாங்ஸ்ட்ராஸ தெருவுக்குப் பின்னால் உள்ள பள்ளிக்கூட முற்றத்தில் ஆனி மாதம் எங்கள் வட்டாரக் கொண்டாட்டம். பதினொரு வருடமாக அங்கே ரோல்ஸ் விற்கிறேன், அந்த உரிமையில் விழாக் குழுவிலும் இருக்கிறேன். இந்த முறை மேடையில் ஹனானுக்குப் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன். பாட்டின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார் குழுத் தலைவர் ப்ரூன்னர்.

எனக்கு உடனே பழைய புத்தி வந்தது. தொண்ணூறுகளில் எங்கள் ஈழத்தமிழர் கலைவிழாவுக்கும் மண்டபக்காரர் இப்படித்தான் கேட்பார்கள். எந்த விடுதலைப் பாட்டு என்றாலும் "தாயைப் பற்றியது" என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். ஒரு தாய்ப் பாட்டுக்கு முந்நூறு பேர் எழும்பி முஷ்டியை உயர்த்தியதைப் பார்த்து ஒரு மண்டபக்காரர் வெலவெலத்துப் போனார்.

ஹனான் என் குசினியில் எனக்கு உதவியாக ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் பேசுவது சலவை அறை ஜெர்மன். அதை நம் பேச்சிலேயே தருகிறேன்.

"நைல் நதியைப் பற்றின பாட்டெண்டு எழுதிக் குடுப்பம். ஒருத்தருக்கும் விளங்காது."

"விளங்காமப் போறதுக்கோ நான் பாடுறன்? ஊரில விளங்கினபடியாத்தான் என்ர தம்பியைப் பிடிச்சவங்கள். இஞ்ச ஒண்டும் விளங்காமலே கை தட்டுவினம். எனக்கு அது வேண்டாம், சரோ."

மூன்று மாலை குந்தியிருந்து உள்ளபடியே எழுதினோம். என் மகள் நிலோஜினி பிழை திருத்தினாள். திருத்தத் திருத்த அவள் முகம் சுருங்கியது.

"அம்மா, அவவிட்ட இருக்கிறது தற்காலிக எஃப் அட்டை. நிரந்தரமா இருக்க பி அட்டைக்கு இப்பத்தான் விண்ணப்பிச்சிருக்கிறா. இதால ஏதும் வந்தால்?"

"அதுதான் என்ர பேரைப் போட்டுக் குடுக்கிறன். என்னட்டச் சுவிஸ் சிவப்புப் பாஸ்போர்ட் கிடக்கு. என்னை எங்க அனுப்புவினம், பக்கத்து ஊர் அட்லிஸ்விலுக்கோ?"

ப்ரூன்னர் தாளை இரண்டு தரம் வாசித்தார். விரல் ஒரு வரியில் நின்றது. "எங்கள் ஆற்றுத் தங்கம் உங்கள் பெட்டகத்தில் உறங்குகிறது, எங்கள் பிள்ளைகள் பாண் கடை வரிசையில் விழித்திருக்கிறார்கள்." மேடைக்குக் காசு கொடுத்த அனுசரணையாளர் ஒரு நகைக்கடை.

"அரபியில் என்னவும் பாடட்டும்," என்றார் இனிமையாக. "இந்தத் தாளை மட்டும் ஒருவருக்கும் கொடுக்காதீர்கள். இல்லாவிட்டால் தங்கம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்."

ஹனானிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "உருளைக்கிழங்கெண்டு போடுவமோ?" பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப நான் பாடேல்லை."

"நீ பாடு. தாளை ஒருத்தருக்கும் குடுக்கேல்லை, நானே ஏறி வாசிக்கிறன்."

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. ஹனான் முதல் பகுதியைப் பாடி நிறுத்தினாள். நான் ஏப்ரனோடு மேடையேறினேன். ரோல்ஸ் முடிந்துவிட்டது என்று சொல்லப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். என் ஜெர்மனில் ஆண்பால் பெண்பால் எல்லாம் தலைகீழ். ஆனாலும் தங்கம் வந்த வரியில் முற்றம் அடங்கிப் போனது.

ப்ரூன்னர் ஒலிக்காரருக்குக் கை காட்டினார். மைக் செத்தது.

"மைக்கை நிப்பாட்டினால் நானும் நிப்பனோ?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, அதே வரியைத் தொண்டை கிழிய மறுபடி வாசித்தேன். முன்வரிசையில் ஒரு கிழவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டார்.

ப்ரூன்னர் மேடைக்கே வந்துவிட்டார். முகம் செக்கச்செவேல். "இந்த வரியை உண்மையில் எழுதியது யார்? எனக்குப் பெயர் வேண்டும்."

தாளில் இருப்பது என் பெயர். நான் வாய் திறக்க முன்பே ஹனான் என் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள்.

"நான் எழுதினது," என்றாள் ஜெர்மனில். ஊர்ப் பெயர், தகப்பன் பெயர், தன் பெயர் எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "எழுதிக்கொள்ளுங்கோ. எழுத்துப் பிழை விடாதேங்கோ."

"ஹனான், உன்ர அட்டை…" என்றேன் மெதுவாக.

"நீ அடுத்த பகுதியை எடு, சரோ," என்றாள். காலால் பலகையில் தாளம் தட்டத் தொடங்கிவிட்டாள்.