பதில் வராத நான்கு ஊர்கள்

புயல் ஃபிஜியின் வடகரையைக் கடந்த மூன்றாம் நாள் காலை, படகோட்டி கொலினியோ நிவாரண அலுவலகத்துக்குள் ஈரக் காலோடு நுழைந்தான்.

"அடியே நண்டுத் திருடி! உன் பட்டியல்ல இருந்த ஒன்பது ஊருக்கும் அரிசியும் தார்ப்பாயும் இறக்கியாச்சு. இனி நான் போய்த் தூங்கலாமா?"

கணினி முன்னால் இருந்த வசிதி சிரித்தாள். இருவர் ஊருக்கும் ஒரே குலதெய்வம். ஃபிஜியில் அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் இப்படி ஏசிக்கொள்ளாவிட்டால்தான் தப்பு.

"தூங்கு, தேங்கா மண்டையா. முழிச்சிருந்து மட்டும் என்னத்தக் கிழிச்ச?"

"உங்க அக்கா ஊரு நைவுத்து எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கும். பத்திரமில்லாத ஊர்ப் பட்டியல்ல வரலையே." இந்த ஒரு நிம்மதியில்தான் மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கியது.

"அப்போ பத்திரமான பட்டியல்ல இருக்கா? நேத்து அந்தப் பக்கம் போறப்ப கரையில யாரோ துணி ஆட்டின மாதிரி இருந்துச்சு. பட்டியல்ல இல்லாத ஊருதானேன்னு விட்டுட்டேன்."

வசிதி தேடினாள். அதிலும் இல்லை. மொத்தம் நாற்பத்து நான்கு ஊர்கள். பத்திரம் முப்பத்தொன்று, பத்திரமில்லாதது ஒன்பது. மீதி நான்கு எங்கே?

முழு அட்டவணையைத் திறந்தாள். நைவுத்துக்கு நேரே நிலைமைக் கட்டம் காலியாக இருந்தது. கைபேசிக் கோபுரம் சாய்ந்துவிட்டதால் அங்கிருந்து எந்தச் சேதியும் வரவில்லை. நிலைமை 'பத்திரம்' என்பதற்குச் சமமில்லாத ஊர்களைக் கொடு என்று கேட்டது அவள்தான். காலிக் கட்டத்தை எதனோடு ஒப்பிட்டாலும் கணினி சமம் என்றும் சொல்லாது, சமமில்லை என்றும் சொல்லாது. தெரியாது என்று ஒதுக்கிவிடும். ஆம் என்று விடை வந்த ஊர் மட்டுமே பட்டியலில் ஏறும். படித்த பாடம்தான், அவசரத்தில் மறந்து தொலைத்தாள். கத்த முடிந்த ஊருக்கெல்லாம் அரிசி போயிற்று. கத்தவும் வழியில்லாத ஊரை யாரும் தேடவே இல்லை.

'கட்டம் காலியாக இருந்தாலும் கொடு' என்று ஒரு வரி சேர்த்தாள். பதின்மூன்று ஊர்கள் வந்தன.

கொலினியோ இப்போது ஏசவில்லை. "கெளம்பு" என்றான்.

துறைக்குப் போகும் வழியில் சடங்குகளில் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை.

நைவுத்தில் ஒரு வீட்டுக்கும் கூரை இல்லை. அக்கா சலோத்தே, புருஷனைப் புதைத்த மணல்மேட்டருகே உட்கார்ந்திருந்தாள்.

"உத்திரம் விழுந்து கால் நசுங்கிருச்சு. நேத்து சாயங்காலம் வரைக்கும் உசிரு இருந்துச்சு. படகுச் சத்தம் கேட்டதும் 'வசிதிதான் அனுப்பிருப்பா'ன்னாரு. அது நிக்காமப் போயிருச்சு."

வசிதி மண்டியிட்டு வேர்க்கட்டை அக்காவின் முன் வைத்தாள். "பட்டியலத் தப்பா எடுத்துட்டேன்க்கா. முழுக்க என் தப்புதான்."

மன்னிப்பை ஏற்றுக்கொண்டால் கைதட்டி வேரை வாங்கிக்கொள்வது அங்கே வழக்கம். சலோத்தே தட்டவில்லை. வேர்க்கட்டை எடுத்து மணல்மேட்டின் மேல் வைத்தாள்.

"அவருகிட்டக் கேளு. அவரு சரின்னா எனக்கும் சரி."

வசிதி தலை நிமிராமல் காத்திருந்தாள்.