நாக்கில் வாங்கிய அப்பம்

கல்யாணமான நாளிலிருந்து சவரியம்மாள் நற்கருணை அப்பம் வாங்கியதில்லை. பிறந்த வீடு ஆர்.சி. கத்தோலிக்கம், புகுந்த வீடு சி.எஸ்.ஐ. சபை. தாலி ஏறியது புருஷன் வீட்டுக் கோயிலில் என்பதால், இனி நற்கருணை கிடையாது என்று அவள் ஊர்ப் பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். இந்தப் பக்கம் மாமியார் தங்கபாக்கியம், "எங்க சபையில திடப்படுத்தல் எடுத்துச் சேரு, அப்புறம் திருவிருந்துக்கு வந்து அப்பம் வாங்கலாம்" என்று ஒரே பிடி.

"அத நான் சின்னப்பிள்ளையிலயே பிஷப் கையால வாங்கிட்டேன் அத்தை. மறுபடி வாங்கினா, முன்ன வாங்கினது பொய்யின்னு ஆகாதா?"

இரண்டு கோயிலிலும் கடைசி பெஞ்சு அவளுக்கென்றே ஆகிப்போனது. ஒரே இயேசுவுக்கு இத்தனை கேட்டும் காவலும் யார் போட்டார்களோ!

இரண்டாயிரத்து ஆறு தீபாவளி சீசனில், மாமியாரும் மருமகளும் வேலை பார்த்த நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லை. கோயிலுக்கு ஆள் வராததால், புதிதாக வந்திருந்த சி.எஸ்.ஐ. பாஸ்டர் கம்பெனிக்கே வந்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் திருவிருந்து. மெழுகுவர்த்தி மட்டும் கூடாது என்று போர்மேன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சவரியம்மாள் வழக்கம்போல ஒதுங்கித்தான் உட்கார்ந்தாள். ஆனால் முந்தின வாரம்தான் ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் ஒரு ரூம் வெடித்து, முன்பு அவளோடு வேலை பார்த்த பஞ்சம்மாள் போய்ச் சேர்ந்திருந்தாள். நாளைக்கு நமக்கும் அப்படி ஆனால்? ஒரு துண்டு அப்பம்கூட வாங்காமலா போவது? அந்தப் பயம் அவளை எழுப்பியது. பாஸ்டருக்கு அவளைத் தெரியாது. எல்லார் கையிலும் அலுமினியப் பவுடர் ஏறி, எந்தச் சோப்புக்கும் போகாத வெள்ளி நிறம். அந்த வரிசையில் யார் எந்தச் சபை என்று எவர் கண்டார்? மாமியார் பக்கத்தில் போய் முழங்காலிட்டாள். தங்கபாக்கியம் திரும்பி முறைத்தாள்.

பாஸ்டர் அப்பத்தோடு வந்தார். எல்லாரும் உள்ளங்கையை நீட்டியிருந்தார்கள். சவரியம்மாளோ, பழக்கதோஷம், கண்ணை மூடி நாக்கை நீட்டிவிட்டாள். அவள் ஊரில் அப்படித்தான் வாங்குவார்கள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது.

"நீங்க எந்தச் சபைம்மா?"

அவள் நீட்டிய நாக்கு நீட்டியபடியே இருந்தது. மூடிய கண்ணிலிருந்து நீர் வடிந்தது. ஆர்.சி. என்று மாமியார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுந்து போக வேண்டியதுதான்.

"அவ என் மருமக," என்றாள் தங்கபாக்கியம். "கையெல்லாம் வெடிமருந்து ஐயா. இதுலயா வாங்கித் திங்கிறது? வாயிலயே குடுங்க."

சொல்லிவிட்டுத் தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவளும் கண்ணை மூடி நாக்கை நீட்டினாள்.

பாஸ்டர் வரிசையைப் பார்த்தார். ஒவ்வொரு கையாக மடங்கிக்கொண்டிருந்தது. அவர் சவரியம்மாளின் நாக்கில் அப்பத்தை வைத்தார்.

அவள் விழுங்க மறந்து அப்படியே இருந்தாள்.

"முழுங்கிட்டு எந்திரி," என்றாள் மாமியார். "வேலைக்கு நேரமாச்சு."