இரண்டு சம்பந்திகள், ஒரு குதிரை

பத்து ஜோடி சேர்ந்தால்தான் பந்தயம் நடக்கும். சேர்ந்திருந்தது ஒன்பது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மகளும் மாப்பிள்ளையும் ஊருக்கு வெளியே பன்னிரண்டு குதிரைகளை வைத்து ஒரு லாயம் நடத்தினார்கள். மகள் கால்நடை மருத்துவர். மாப்பிள்ளை சவாரி கற்றுக்கொடுப்பவர். வந்தவர்களை ஏற்றி வட்டமடித்தோமா, வீட்டுக்கு அனுப்பினோமா என்று இருக்கிற ரகம் இல்லை இரண்டு பேரும். மாதம் ஒரு கூத்து. ஒரு மாதம் ஓடுகிற குதிரை மேலிருந்து அம்பு விட்டார்கள். அடுத்த மாதம் ஆள் உயர ரப்பர் பந்தைக் குதிரைகள் நெஞ்சால் முட்டித் தள்ளின. அதற்கும் அடுத்த மாதம் சக்கரப் பலகையில் ஆளை நிற்கவைத்து, கயிற்றைக் கொடுத்து, குதிரையை விட்டு இழுக்கவைத்தார்கள். பெண்ணின் அம்மா ஒன்றையும் விடவில்லை. பலகையிலிருந்து சேற்றில் குப்புற விழுந்து எழுந்தவள், பல் தெரியச் சிரித்தாள்.

பல்தான் அவளுக்குத் தொழிலும். செயற்கைப் பல் கட்டும் கூடத்தில், யாரோ ஒருவருடைய வாயின் அச்சை முன்னால் வைத்துக்கொண்டு, இளஞ்சிவப்பு மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்தபடி இருபத்தெட்டு வருஷத்தை ஓட்டியிருந்தாள். எல்லோருக்கும் அவள் பல்லுக்காரம்மா. அடுத்தவர் வாய்க்கு எடுத்த வேலையை முடிக்காமல் எழுந்ததில்லை. தனக்கென்று எடுத்ததில் ஒன்றையும் முடித்ததில்லை. நீச்சல் மூன்று வகுப்போடு நின்றது. கார் ஓட்டப் பழகியது ரிவர்ஸ் எடுக்கும் பாடம் வரைக்கும். பின்ன ஆரம்பித்த ஸ்வெட்டர் ஒற்றைக் கையோடு அலமாரியில் கிடந்தது. “அக்கா தொட்டா பாதிதான்” என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவளும் கூடச் சிரிப்பாள். உள்ளே சுருக்கென்று தைக்கும்.

இந்த மாதக் கூத்துக்கு ‘ஏறு, கட்டு, ஓடு’ என்று பெயர். ஒரு குதிரை, இரண்டு ஆள், பன்னிரண்டு கிலோமீட்டர் மண்பாதை. ஒருவர் ஏறிப் போக, மற்றவர் பின்னால் ஓடி வர வேண்டும். ஏறிப் போனவர் ஓரிடத்தில் இறங்கி, குதிரையை மரத்திலோ கம்பத்திலோ கட்டிவிட்டு ஓட்டம் பிடிக்க வேண்டும். பின்னால் வருகிறவர் அவிழ்த்து ஏறி, முன்னால் ஓடுகிறவரைத் தாண்டிப் போய், தன் பங்குக்கு ஓரிடத்தில் கட்ட வேண்டும். எவ்வளவு தூரம் ஏறுவது, எங்கே கட்டுவது என்பதெல்லாம் அவரவர் சாமர்த்தியம். குறைந்தது ஆறு தடவை ஆள் மாறியாக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு மனிதரும் ஒரு குதிரையும் கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டாதவர்களைப் பின்னாலேயே வரும் ஜீப் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிடும்.

“ஒரு ஜோடி குறையுது, அவ்வளவுதான். ரத்து பண்ணிடலாம்” என்றான் மாப்பிள்ளை, சாப்பாட்டு மேஜையில்.

பல்லுக்காரம்மாவின் வாய் சும்மா இருக்கவில்லை. “நானும் சம்பந்தியம்மாவும் வேணா ஓடறோம்” என்றாள்.

எதிரே உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாவின் கரண்டி பாதி வழியில் நின்றது. அந்த அம்மாள் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். கிளம்புகிற பஸ் அரை நிமிஷம் தாமதித்தாலும் ஓட்டுநருக்கு வியர்க்கும். ஆனால் சம்பந்தி என்று வந்துவிட்டால் நெஞ்சில் கைவைத்து, குரலை இறக்கி, மரியாதையிலேயே மூழ்கடித்துவிடுவாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் இரண்டு அம்மாக்களும் ஒரு சுடுசொல் பேசியதில்லை. ஒரு நல்ல பேச்சும் பேசியதில்லை என்பதுதான் உண்மை.

“சம்பந்தியம்மாவுக்கு ஆசைன்னா எனக்கும் சம்மதம்” என்றாள் டைம்கீப்பர்.

பல்லுக்காரம்மா அன்று வீடு திரும்பும்போதே முடிவு செய்துவிட்டாள். இந்த ஒன்றை முழுசாக முடிப்பது. முதலாவதாக வர வேண்டாம், கடைசியாக வந்தாலும் பரவாயில்லை, ஆனால் ஜீப்பில் மட்டும் ஏறுவதில்லை.

அவர்களுக்குக் கொடுத்த குதிரைக்கு ஆபீசர் என்று பெயர். பதினோரு மணிக்கு முன்னால் எதையும் ஆரம்பிக்காத குணத்தால் வந்த பெயர். நல்ல பழுப்பு நிறம், அகலமான முதுகு, யாரையும் தள்ளிவிடாத சுபாவம்.

பந்தயம் ஏழு மணிக்கு. கொடி இறங்கியதும் ஒன்பது ஜோடிகளும் புழுதி பறக்கக் கிளம்பிப் போனார்கள். பத்தாவது ஜோடி கோட்டிலேயே நின்றது.

“முதல்ல நீங்க ஏறுங்க சம்பந்தி” என்றாள் டைம்கீப்பர்.

“ஐயையோ, நீங்க இருக்கும்போது நானா? நீங்க ஏறுங்க.”

“உங்களுக்கு முட்டி வலின்னு கேள்விப்பட்டேன்.”

“முட்டிதானே, அது எல்லாருக்கும் இருக்கறதுதான். நீங்க ஏறுங்க.”

நான்கு நிமிஷம் போயிற்று. கடைசியில் பல்லுக்காரம்மா ஏறினாள். ஏறினாளே தவிர, உட்கார முடியவில்லை. பின்னால் சம்பந்தியம்மா ஓடி வருகிறாள், நாம் மேலே சொகுசாகப் போகிறோம் என்ற நினைப்பே அவளைக் குத்தியது. மகள் இருப்பது அந்த வீட்டில். நாளைக்கு ஒரு வார்த்தை, ‘உங்கம்மா என்னை ஓடவிட்டாங்க’ என்று வந்துவிட்டால்? முந்நூறு அடி கூடப் போகவில்லை, முதல் வேலிக் கம்பத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கி ஓடினாள்.

டைம்கீப்பரும் லேசுப்பட்டவள் இல்லை. வந்து அவிழ்த்து ஏறி, பல்லுக்காரம்மாவைத் தாண்டினாளோ இல்லையோ, இருநூறு அடியில் ஒரு வேப்பமரத்தில் கட்டிவிட்டாள். சளைப்பாளா இவள்? நூற்றைம்பதில் கட்டினாள். அவள் நூறில். இப்படி ஒருவரை ஒருவர் மரியாதையால் அடித்துக்கொண்டே போனதில், ஆபீசருக்குத் தான் எதற்காக அழைத்துவரப்பட்டோம் என்றே விளங்கவில்லை. கட்டுவதற்கு முன்பே அதுவாக மரத்தடியில் போய் நிற்க ஆரம்பித்தது.

ஐந்தாவது கிலோமீட்டரில் நிலைமை முற்றிவிட்டது. குதிரையின் ஒரு பக்கம் இவள், மறு பக்கம் அவள், நடுவில் வெறும் முதுகோடு ஆபீசர். மூன்று பேரும் நடந்தார்கள்.

“நீங்க ஏறுங்க சம்பந்தி, இப்பதானே நான் ஏறினேன்.”

“அது ஒரு ஏறலா? பத்தடி கூட இருக்காது. நீங்கதான் ஏறணும்.”

பின்னால் ஜீப்பின் ஹாரன் அலறியது. ஓட்டி வந்த மாப்பிள்ளை தலையை வெளியே நீட்டினான். “அம்மா! அத்தை! யாராவது ஒருத்தர் ஏறுங்க! இல்ல, குதிரையை நான் ஜீப்ல ஏத்திக்கறேன், நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே வாங்க!”

பாதி வழியில், ஆறாவது கிலோமீட்டரில், குதிரைகளைப் பரிசோதிக்கும் இடம். ஸ்டெதஸ்கோப்போடு நின்றிருந்த மகள் ஆபீசரின் விலாவில் அதை வைத்துக் கேட்டாள். மறுபடி கேட்டாள். பிறகு இரண்டு அம்மாக்களையும் நிமிர்ந்து பார்த்தாள்.

“எல்லாக் குதிரையும் வேர்த்து விறுவிறுத்து வந்துச்சு. இவன் இப்பதான் தூங்கி எழுந்தவன் மாதிரி இருக்கான். ஆறு தடவை மாறினாப் போதும்னு சொன்னோமே, எத்தனை தடவை மாறினீங்க?”

“இருபத்தி ரெண்டு” என்றாள் டைம்கீப்பர். அவளுக்கு எண்ணிக்கை தப்பாது.

“ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிடுச்சு. இன்னும் அம்பது நிமிஷம்தான். பாத்துக்குங்க.” மகளின் குரலில் நம்பிக்கை இல்லை. ஜீப்பின் பின்சீட்டைத் துடைத்து வைத்திருக்கிறார்கள் என்று பல்லுக்காரம்மாவுக்குப் பட்டது.

“நீங்க ஏறுங்க சம்பந்தி” என்றாள் டைம்கீப்பர், மூச்சு கூட வாங்காமல். “அந்தத் தண்ணித் தொட்டிகிட்ட கட்டுங்க. நான் வந்துடறேன்.”

ஏறினாள். ஆபீசர் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பியது. தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரிந்தபோது அவள் மனசு கணக்குப் போடத் தொடங்கியது. அவள் கால் அவளுக்குத் தெரியும். நூறடி ஓடினால் இருநூறடி நடக்கும், பிறகு விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சம்பந்தியம்மாவின் கால் அப்படி இல்லை. காலையிலிருந்து பின்னாலிருந்து பார்த்துக்கொண்டுதானே வருகிறாள். அளந்து வைத்த மாதிரி, ஒரே வேகம், தோள் கூட அசையாத ஓட்டம். அந்த ஓட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர் ஐம்பது நிமிஷத்தில் அடங்கும். தன் ஓட்டத்துக்கு ஜீப்தான்.

ஆக, முடிக்க வழி ஒன்றுதான். தான் இறங்கக் கூடாது. கடைசி வரை இறங்கவே கூடாது. மாப்பிள்ளையின் அம்மா வெயிலில் ஓடி வர, பெண்ணின் அம்மா குதிரையில் ஜம்மென்று போய்ச் சேர வேண்டும்.

நினைத்ததுமே அவளுக்குக் காது சூடாகியது. இதைவிட அசிங்கமான காரியம் சம்பந்திகளுக்குள் நடந்திருக்குமா? தொட்டி நெருங்கியது. கயிறு கட்ட வசதியாக ஒரு குழாய் கூட நீட்டிக்கொண்டிருந்தது. ஆபீசர் பழக்கதோஷத்தில் அதன் பக்கம் ஒதுங்கி நின்றேவிட்டது.

அவள் இறங்கவில்லை. ‘இறங்கினால் இதுவும் பாதிதான்’ என்று ஒரு வரி அவளுக்குள் ஓடியது. ஸ்வெட்டர் கம்பளி தீர்ந்து நின்றது. கார் பயத்தில் நின்றது. இது மட்டும் மரியாதைக்காக நிற்க வேண்டுமா?

“போடா ஆபீசர்” என்றாள். குதிகாலால் லேசாக ஒரு தட்டு.

ஆபீசர் காதைத் திருப்பிப் பார்த்தது. நிஜமாகவா என்று கேட்கிற மாதிரி இருந்தது. அப்புறம் போயிற்று பாருங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேலாகத் தேக்கிவைத்த ஓட்டத்தையெல்லாம் அவிழ்த்துவிட்டு! மின்கம்பம் போனது. புளியமரம் போனது. சாலை திரும்பும் இடத்தில் இருந்த பெரிய கல்தூணும் போனது. ஒவ்வொன்றைத் தாண்டும்போதும், அங்கே வந்து குதிரையைக் காணாமல் முழிக்கப்போகிற சம்பந்தியம்மாவின் முகம் அவள் கண்முன் வந்தது. ஒவ்வொரு தடவையும் வெட்கப்பட்டாள். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வந்தது. காற்று முகத்தில் அடித்தது. ஐம்பத்தொரு வயதில் இவ்வளவு பெரிய துரோகத்தை இவ்வளவு சந்தோஷமாகச் செய்வோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஒரு மணி நாற்பத்திரண்டாவது நிமிஷத்தில் கோட்டைத் தாண்டினாள். மற்ற ஒன்பது ஜோடியும் எப்போதோ வந்து நிழலில் காலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். மகளும் வண்டியில் வந்து சேர்ந்திருந்தாள். பல்லுக்காரம்மா இறங்கிப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷமெல்லாம் இறங்கிப்போயிருந்தது.

“அம்மா, அத்தை எங்கே?”

“வராங்க.”

“நடந்தா?”

“ஓடி.”

“எங்கேருந்து?”

“உங்கிட்டேருந்துதான்” என்றாள்.

ஐம்பதாவது நிமிஷம். பாதை வெறிச்சென்று கிடந்தது. ஐம்பத்து நான்கு. ஜீப்பில் ஏறியிருப்பாளோ? ஏறினால் தப்பில்லை, யாராக இருந்தாலும் ஏறியிருப்பார்கள். ஏறி உட்கார்ந்துகொண்டு, மகனிடம் என்னவெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறாளோ. ஐம்பத்தாறு.

அப்போது விசில் சத்தம் கேட்டது. டிப்போ விசில். வளைவைத் திரும்பிக்கொண்டு டைம்கீப்பர் வந்தாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் புரண்டது. ஒரு ஷூ காலில், இன்னொன்று கையில். வாயில் விசிலைக் கடித்துக்கொண்டு, பாதையில் நின்ற குதிரைகளையும் மனிதர்களையும் ஊதி ஊதி விலக்கினாள். பத்தடி பின்னால் ஜீப்பில் மாப்பிள்ளை, ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைதட்டாத குறையாக, “வாம்மா! வாம்மா!” என்று கத்திக்கொண்டு வந்தான்.

ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிஷம் நாற்பது நொடி. டைம்கீப்பர் கோட்டைத் தாண்டினாள். தாண்டியும் நிற்காமல் நேராகப் பல்லுக்காரம்மாவிடம் வந்தாள். விசில் வாயிலிருந்து விழுந்து மார்பில் தொங்கியது. முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. மகள் ஒரு அடி பின்னால் போனாள்.

“தொட்டியில கட்டலை” என்றாள் டைம்கீப்பர். குரல் இறங்கவில்லை, நெஞ்சில் கை வைக்கவும் இல்லை. “கம்பத்துல கட்டலை. புளியமரத்துல கட்டலை. அந்தக் கல்தூண்ல கூடக் கட்டலை!”

“சம்பந்தி, நான் வந்து…”

“பேசாதே! அறிவு இருக்கா உனக்கு? இதை முதல் கிலோமீட்டர்லயே பண்ணித் தொலைக்கறதுக்கு என்ன? நான் பாட்டுக்கு ஓடியிருப்பேன்! நாலாவதா வந்திருக்கலாம்! நாலாவது! இருபத்தி ரெண்டு தடவை மாறி மாறி ஏறி இறங்கி, என் இடுப்பை ஒடிச்சு… எனக்குக் குதிரை மேல உக்காரவே பிடிக்காது, தெரியுமா?”

“அதை முதல்லயே வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன உங்களுக்கு? எனக்கு ஓடவே வராது!”

“நீ சொன்னியா?”

“நீங்க கேட்டீங்களா?”

இரண்டு பேரும் மூச்சு வாங்க ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். யாருக்கு முதலில் உதடு துடித்தது என்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தபோதே இரண்டு அம்மாக்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஒன்றும் புரியவில்லை. புரியவைக்க யாருக்கும் தெம்பும் இல்லை.

லாயத்துக்குத் திரும்ப இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது. பல்லுக்காரம்மா சேணத்தில் கை வைத்தாள்.

“தள்ளு” என்றாள் டைம்கீப்பர். “என் கால் கொப்புளிச்சுப் போச்சு. பிடிக்குதோ பிடிக்கலையோ, நான்தான் ஏறுவேன். நீ நடந்து வா.”

சொன்னபடியே ஏறி உட்கார்ந்தாள். ஒற்றை ஷூவைக் கீழே நின்றவளின் கையில் திணித்தாள். வழியில் மூன்று மரம் இருந்தது, ஒன்றில் கூட நிறுத்தவில்லை. பல்லுக்காரம்மா பின்னாலேயே, முட்டி வலிக்க, ஷூவை ஆட்டிக்கொண்டு, கடைசி வரை நடந்தே வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எங்கேயும் நடந்ததில்லை.