புகைக்கொட்டகையில் தொங்கிய தேனடை

இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லத்தான் ஒருத்தனும் இல்லை. ஒரு தேனீ பக்கத்தில் வந்தால் கதவைச் சாத்துகிறவன்கூட என் தேன்கூட்டுக்கு வைத்தியம் சொல்ல வந்துவிட்டான்.

கூடு என்றால், தென்னந்துண்டைக் குடைந்து இரண்டு பக்கமும் பலகை வைத்து, தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தில் கட்டியது. அதில் புழு விழுந்துவிட்டது. பலகையைக் கழற்றிப் பார்த்தால் கறுத்த அடையெல்லாம் வெள்ளை நூலாம்படை. அதற்குள் துளைத்துக்கொண்டு போகிறது புழு. அடியில் தேயிலைத் தூள் மாதிரி அதன் எச்சம். போன வருஷமும் இப்படித்தான் ஆகி, இருந்த ஈ அத்தனையும் கூட்டை விட்டுப் பறந்து போனது.

என் பெண்சாதி செல்லாயிக்கு முட்டி போய்விட்டது, இனி ரப்பர் மரம் சீவப் போக முடியாது. சிம்பாங் பூலாய் கடைத்தெருவில் தேன் விற்றால்தான் அவள் கையில் காசு. இந்த ஈயும் போனால் வெற்றிலைக்குக்கூட என்னிடம் கை நீட்ட வேண்டும். அது அவளுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது.

முதலில் வந்தவன் அந்தக் கதவு சாத்துகிற லூயிஸ், பக்கத்து வீட்டு வேதக்காரன். அந்துப்பூச்சி இருட்டியதும் உள்ளே நுழைந்து பழைய அடையில் முட்டையிடுகிறதாம். அந்த முட்டைதான் புழுவாகிறதாம். கெட்ட அடையை அறுத்து நெருப்பில் போட்டு, விரிசலை மண்ணால் பூசி, வாசலை ஈ நுழைகிற அளவுக்குச் சின்னதாக்க வேண்டுமாம். விளக்கைச் சுற்றுகிற சாம்பல் பூச்சி, இத்தனை ஈ காவல் இருக்கிற வீட்டுக்குள் போய்ப் பிள்ளை பெறுகிறதா? மரம் ஈரம் பிடித்தால் புழு தானாக வரும். இதை எனக்கு இவன் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து வந்தவன் செல்லாயியின் தம்பி பத்துமலை. ரப்பர் ஷீட் காய வைக்கிற புகைக்கொட்டகையில் நெருப்புப் போடுகிறவன்.

“மச்சான், ஷீட்டுல பூசணம் புடிக்காம இருக்கறது எதனால? புகையாலதான. அடைய அறுத்துக் குடுங்க, ஷீட்டோட தொங்கப் போடறேன். புழு செத்துரும். சாயங்காலம் திருப்பிக் கட்டிக்கலாம்லா.”

இது கண்ணால் கண்ட விஷயம். சரி என்று ஈயை ஒதுக்கி, நல்லது கெட்டது பார்க்காமல் அடைகளை அறுத்தேன். கடைசி அடையைச் செல்லாயி பிடித்துக்கொண்டாள்.

“இதுல ஒரு புழுகூட இல்லீங்க. ஈக்குஞ்சு இருக்கு. இத நான் தரமாட்டேன்.”

“ஒண்ணுல இருந்தா எல்லாத்துலயும் இருக்கும்டி.”

“இருந்துட்டுப் போகுது. ஈ என்னுது.”

அவளிடம் யார் மல்லுக்கட்டுவது? மற்றதைப் பத்துமலை தூக்கிக்கொண்டு போனான்.

மத்தியானம் முகம் செத்துத் திரும்பி வந்தான். கொட்டகைச் சூட்டில் அடையெல்லாம் இளகி அறுந்து, தேனும் மெழுகும் துரையுடைய ஷீட்டின் மேல் வழிந்துவிட்டது. கணக்கெழுதுகிற கிராணி வாயில் வராத பேச்சில்லை. ‘அடை இவ்வளவு சூடு தாங்காது என்று நான் கண்டேனா’ என்கிறான். நெருப்புப் போடுகிறவனுக்கு மெழுகு உருகும் என்று தெரியவில்லை! நான் வேறு யாரைத்தான் நம்புவது?

அதற்குள் செல்லாயி தென்னந்துண்டின் உள்பக்கத்தைச் சுரண்டி, குப்பையை அடுப்பில் போட்டு, அந்த ஒரே அடையை வாழை நாரால் உள்ளே கட்டியிருந்தாள். லூயிஸ் தூரமாக நின்றபடி சொல்லச் சொல்ல, அவள் விரிசலில் மண் பூசி வாசலைச் சின்னதாக்கினாள். ஈயெல்லாம் அந்தக் குஞ்சு அடையைப் பொத்திக்கொண்டு இருந்தது. போகவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் செல்லாயி பலகையைத் திறந்து காட்டினாள். பக்கத்திலேயே புது அடை, வெள்ளை வெளேரென்று. நூலாம்படை இல்லை. வாசலுக்குக் கீழே கிடந்த சாம்பல் பூச்சி ஒன்றை லூயிஸ் உள்ளங்கையில் எடுத்து நீட்டினான்.

“பாத்தீங்களாண்ணே? ஈயே இழுத்து வெளிய போட்டிருக்கு.”

“லூயிஸ் சொன்னது சரின்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய் வெந்துறாது” என்றாள் செல்லாயி.

பூச்சியைப் பார்த்தேன். செத்துக் கிடந்தது. முட்டையிட வந்ததா, சும்மா வந்ததா என்று அதுவா சொல்லப்போகிறது?

“மழை வரட்டும். மரம் ஈரமாகட்டும். அப்பப் பாப்போம்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தேன். பின்னால் இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.