கருங்கொடிக்கு விழுந்த இருபது

செத்துப்போய் ஒன்றரை வருடமான ஒரு பெண்ணை நான் உயிரோடு எழுப்பியிருக்கிறேன். செம்மேட்டில், சந்தை நாளன்று, பட்டப்பகலில், எண்ணூறு பேர் பார்க்க. அவளைக் கொன்றவனும் நானேதான் என்பதால் அதில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பெருமை.

நம்ப மாட்டீர்கள், தெரியும். முப்பத்தோரு வருடம் மலைப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்தவன். ஒருமுறை ஒரே பயணத்தில் முந்நூற்றுப் பதினொரு பேரை ஏற்றி வந்தேன், அதில் பாதிப் பேர் பலாப்பழத்தின் மேல் உட்கார்ந்து வந்தார்கள். அதையும் யாரும் நம்பியதில்லை.

செத்தவள் பெயர் கருங்கொடி. ஒரு கையில் கொடுவாள், மறு கையில் மிளகுப்பொடி வைத்துக்கொண்டு பூதங்களை அடிக்கிறவள். எங்கள் ஊர்ப் பெண் சுமித்ரா எழுதிய ‘எழுபத்தொன்றாம் வளைவு’ என்ற நாவலின் நாயகி. மலைப்பாதையில் தினம் ஒரு வளைவாக விழுங்கிக்கொண்டு மேலே ஏறி வருகிறது ஒரு பூதம். அதைத் தடுக்க மூன்று பேர் புறப்படுகிறார்கள். அதுதான் கதை.

அந்தக் கதையைச் சுமித்ரா தனியாக உட்கார்ந்து எழுதவில்லை. அது நாங்கள் ஆடிய ஆட்டம். கோயம்புத்தூரில் படித்தபோது அவள் கற்றுக்கொண்டு வந்தது. ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்ள வேண்டும். சுமித்ரா கதையைச் சொல்லிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தி, “இப்ப என்னங்க பண்றீங்க?” என்பாள். நாம் சொல்வது பலிக்குமா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். இருபது விழுந்தால் ராஜயோகம். ஒன்று விழுந்தால் தொலைந்தோம்.

செம்மேட்டில் உரக்கடை மாடியில் எங்கள் வாசகர் வட்டத்துக்கென்று ஓர் அறை உண்டு. ஞாயிறு மதியங்களில் அங்கேதான் ஆட்டம். சோளக்காட்டில் மிளகும் அன்னாசியும் விற்கிற பாப்பாத்திதான் கருங்கொடி. நான் ஏப்பச்சித்தன் என்ற மந்திரவாதி. மூன்றாவது ஆள் சுப்பண்ணன், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். இதற்காகவே மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருவார். அவர் எடுத்த வேடம் ஒரு கல் மனிதன். அந்தக் கல் மனிதன் நாளைக்கு ஒரு வார்த்தைதான் பேசுவான், அதுவும் பெரும்பாலும் “இல்லை” என்பான். வாத்தியாருக்கு நடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

கடைசி ஆட்டத்தில் பூதம் கருங்கொடியைப் பிடித்துவிட்டது. காப்பாற்றுகிறேன் என்று நான் ஒரு மந்திரம் சொன்னேன். பகடையை உருட்டினேன். ஒன்று.

சுமித்ரா பகடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “மந்திரம் குறி தப்பிருச்சுங்க மாமா. பாப்பாத்தியக்கா மேலயே உழுந்துருச்சு. கருங்கொடி செத்துட்டா.”

பாப்பாத்தி பலாச்சுளை உரித்துக்கொண்டிருந்தார். கத்தி பாதியில் நின்றது. அவர் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று இறங்கிப் போனார். அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. எனக்குத் தெரியாத பஸ்ஸா? அதற்குப் பிறகு அவர் ஆட வரவே இல்லை.

சுமித்ரா நடந்ததை நடந்தபடியே எழுதினாள். சேலத்தில் ஒரு பதிப்பகம் புத்தகமாகப் போட்டது. வாசகர் வட்டத்தில் கருத்து எழுத ஒரு நோட்டு வைத்தோம். மூன்றே வாரத்தில் நோட்டு நிறைந்து, அட்டையிலும் எழுதி, மேசையிலும் எழுதினார்கள். கண்ணீரில் நனைந்த பக்கங்களை மாடியில் மிளகோடு மிளகாகக் காய வைத்தேன்.

ஒருவர்கூடத் திட்டாமல் எழுதவில்லை. செங்கோடன் எழுதியது: “முப்பத்திரண்டாம் அத்தியாயம் வரை அருமை. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.” நர்ஸ் தேன்மொழி எழுதியது: “எங்கள் வார்டில் இப்படி ஒரு சாவு நடந்தால் விசாரணை வைப்பார்கள். அந்த மந்திரவாதியை ஏன் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை?” பெருமாயிக்கு எழுதத் தெரியாது. மருமகள் படித்துச் சொல்லக் கேட்டவர், சொல்லி எழுத வைத்துக் கைநாட்டு வைத்திருந்தார்: “அவளுக்குக் காரியம் செஞ்சாங்களா இல்லையான்னு புஸ்தகத்துல போடல. அதனால நாங்களே ஊட்டுல வெளக்கு வெச்சு, பதினாறு நாள் கறி எடுக்கல.”

கல்லூரியில் படிக்கும் பூங்குழலி மட்டும் நிதானமாக எழுதியிருந்தாள். “ஆட்டத்திலிருந்து வந்த நாவல் என்று எங்கும் தெரியவில்லை, அந்தச் சாவைத் தவிர. அது மட்டும் பகடையில் விழுந்த மாதிரி இருக்கிறது. அதனால்தான் அதிர்ச்சியாக இருக்கிறது. அதனால்தான் ஏற்கவும் முடியவில்லை.” அதற்குக் கீழே பெயர் போடாமல் ஒருவர்: “மந்திரவாதி வாயைத் திறந்தாலே பொய். ஆசிரியர் யாரைப் பார்த்து எழுதினார் என்று தெரியும். அந்த ஆளிடம் நான் டிக்கெட் வாங்கியிருக்கிறேன்.”

இதையெல்லாம் சுமித்ரா ஒரு வரி விடாமல் படித்தாள். இரண்டாம் பாகத்தைப் பாதி எழுதியிருந்தாள். கருங்கொடி திரும்பி வரவில்லையென்றால் இந்த மலையில் அதை யாரும் கையால் தொட மாட்டார்கள் என்பது தெரிந்துவிட்டது.

“அவ பொழச்சுட்டான்னு ஒரு வரி எழுதிரு கண்ணு. நீதான எழுதறே?” என்றேன்.

“அது முடியாதுங்க மாமா. உழுந்தது உழுந்ததுதான். நான் ஒருக்கா மாத்தி எழுதிட்டா, அப்புறம் யாரு நம்பி உருட்டுவாங்க? எழுதாமயே உட்டுறேன்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். கையெழுத்துப் பிரதியைக் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டாள்.

அப்படியே போயிருக்கும். ஆனால் வாசகர் வட்டம் சந்தை நாளில் ஒரு கூட்டம் போட்டது. எண்ணூறு பேர் வந்தார்கள். மாடிப்படி வளைந்துவிட்டது. சுமித்ராவை நடுவில் உட்கார வைத்து ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இடுப்பில் கூடையோடு பாப்பாத்தி உள்ளே வந்தார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்தப் படியில் அவர் கால் பட்டது. எல்லோரும் வழிவிட்டார்கள், செத்தவளே வந்து நிற்கிற மாதிரி.

“ஏங்கண்ணு, உங்க ஊட்டுல பூ கேட்டதே இல்லியா?” என்றார்.

சுமித்ராவுக்குப் புரியவில்லை.

“ஒரு கெணறு வெட்டறதுன்னாக்கூட செவப்புப் பூ ஒரு பொட்டணம், வெள்ளப் பூ ஒரு பொட்டணம் கட்டிச் சாமி முன்னால போட்டு, கொழந்தைய உட்டு எடுக்கச் சொல்றோம். ஒரு தரமா? மூணு தரம். மூணுல ரெண்டு எந்தப் பூவோ அதான் சாமி சொன்ன வாக்கு. கெணத்துக்கே மூணு தரம். நீ ஒருத்தி உசுரு போற காரியத்துக்கு ஒரே தரம் கேட்டுப்போட்டு எந்திரிச்சுட்டே.”

“அக்கா, இது சாமி இல்லீங்க. வெறும் டைஸுங்க.”

“அது என்ன சொல்லுதோ அதக் கேக்கறேன்னு உக்காந்தியா இல்லியா?”

“உக்காந்தனுங்க.”

“அப்ப ஒழுங்காக் கேக்கோணுமா இல்லியா?”

சுமித்ரா வெகுநேரம் யோசித்தாள். பிறகு பையிலிருந்து பகடையை எடுத்து மேசையில் வைத்தாள். “சரிங்கக்கா. கேட்ட மொறை தப்புன்னா தப்புதான். மொதத் தரம் ஒண்ணு உழுந்துருச்சு. இன்னும் ரெண்டு தரம். ஆனா சாவுல இருந்து திரும்பறதுன்னா இருபதுதான் உழுகோணும். ரெண்டு தரமும். அப்புறம், ஆட்டத்துல இருந்த நாலு பேரும் அத ஒத்துக்கோணும். இதுக்கு மேல நான் எறங்கி வர மாட்டேன்.”

“நானூறுல ஒண்ணு,” என்றார் சுப்பண்ணன், மூலையிலிருந்து. “நடக்காது. இப்பவே ஆளுக்கொரு அழுகை அழுதுபோட்டு ஊட்டுக்குப் போலாம்.”

நான் பகடையை நோக்கிக் கையை நீட்டினேன். பாப்பாத்தி என் கையைத் தட்டிவிட்டார். “நீங்க சும்மா இருங்கண்ணா. ஒருக்காக் கொன்னது போதும். பூ எடுக்கறது ஒண்ணும் அறியாத கொழந்த. இங்க ஒண்ணையும் நம்பாத ஆளு வாத்தியாருதான். அவரு எடுக்கட்டும்.”

வாத்தியார் சலித்துக்கொண்டே வந்து, சாக்பீஸ் துண்டைத் தூக்கிப் போடுகிற மாதிரி பகடையை உருட்டினார். உருண்டது. நின்றது.

இருபது.

வாத்தியார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சலிப்பைக் காணவில்லை. இரண்டாம் முறை பகடையைக் கைக்குள் வைத்து ரொம்ப நேரம் குலுக்கினார். விட்டார். அது மேசை விளிம்புவரை ஓடி, ஒரு டீ டம்ளரில் இடித்து, திரும்பி, படுத்தது.

இருபது.

கைதட்டல் எழும் என்றுதானே நினைப்பீர்கள்? ஒரு சத்தம் இல்லை. கீழே சந்தையில் ஆடுகள் அசைபோடுவதை நிறுத்தின. நாற்பத்து மூன்றாம் வளைவில் ஏறிக்கொண்டிருந்த பஸ், டிரைவர் பிரேக் போடாமலே நின்றது. செங்கோடன் திறந்த வாயை மூட மறந்து இரண்டு நாள் அப்படியே திரிந்தான். பாப்பாத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சுமித்ரா மேசையைச் சுற்றி வந்து பகடையைக் குனிந்து பார்த்ததை மட்டும் நான் ஒரு சொட்டுக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

சுப்பண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “டம்ளர்ல பட்டுது. செல்லாது,” என்றார். பகடையை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “இந்த டைஸே சரியில்ல. சோதிக்கோணும்.” இறங்கிப் போய்விட்டார்.

நாலு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்று பேர் ஒத்துக்கொண்டோம்.

“சார் சொல்லட்டுங்க,” என்றாள் சுமித்ரா. பிரதி பரணைவிட்டு இறங்கவில்லை. பாப்பாத்தி தினமும் கீழே போகிற பஸ்ஸில் ஓர் அன்னாசிப்பழம் கொடுத்தனுப்பினார். வாத்தியார் பழத்தை வாங்கிக்கொண்டார். பதில் அனுப்பவில்லை. யாராவது கேட்டால், “அன்னைக்கு ஒண்ணும் நடக்கல” என்று ஒரே பேச்சு. கல் மனிதனே தோற்றான்.

இரண்டு மாதம் நான் என்னால் ஆனதைச் செய்தேன். பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, தாலுகா ஆபீஸ் வாசல் என்று எல்லா இடத்திலும் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது கொஞ்சம் வளர்ந்தது. முதல் வாரம் வாத்தியார் உருட்டினார். இரண்டாம் வாரம் வாத்தியாருக்குக் கை வராததால் நான் பிடித்துக்கொண்டேன். நாலாம் வாரத்திலிருந்து நான் மட்டுமே உருட்டினேன், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. யோசித்துத்தான் செய்தேன் என்றால் நம்ப மாட்டீர்கள். விட்டுவிடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குச் சுப்பண்ணன் வந்தார். கக்கத்தில் ஒரு தடிமனான நோட்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் எழுந்து, புதிதாக வந்த வாசகர்களைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“அன்னைக்கு நான் அஞ்சு தரம் உருட்டுனனுங்க. அஞ்சும் இருபது. வாத்தியாரு பக்கத்துல நின்னு எனக்கு விசிறிவிட்டாரு.”

“உக்காருங்க கண்டக்டரே,” என்றது கடைசி வரிசை.

“ஆறு தரமுங்களா? எனக்குத்தான் மறந்துபோச்சா?”

சுப்பண்ணன் எழுந்தே விட்டார். “ரெண்டே தரம். அஞ்சும் இல்ல, ஆறும் இல்ல. நீங்க எங்கீங்க உருட்டுனீங்க? உங்க கையத்தான் பாப்பாத்தி தட்டி உட்டாங்களே. உருட்டுனது நானு.”

“ஓ. நீங்களா?” என்றேன். “எனக்கென்னமோ நெனப்பு இல்லீங்க வாத்தியாரே. அப்படி நீங்க உருட்டுனப்ப என்னதான் உழுந்துச்சு?”

வாத்தியார் கக்கத்து நோட்டை இறுக்கிக்கொண்டார். பாப்பாத்தியைப் பார்த்தார். பாப்பாத்தி கூடையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுமித்ரா புதிய கருத்து நோட்டையும் பேனாவையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

அவர் பகடையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து முன்னால் வைத்து, தன் தடிமனான நோட்டைப் பிரித்துப் பார்த்துக் கருத்து நோட்டில் எழுதினார். நெடுநேரம் எழுதினார். பிறகு சுமித்ரா அதைச் சத்தமாகப் படித்தாள்.

“வாசகர் கருத்து. கண்டக்டர் அர்த்தனாரி சொல்வது போல எண்ணூறு பேர் வரவில்லை, நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். படி வளையவில்லை. உருட்டியது அவர் அல்ல, நான். பகடையை வீட்டில் நாலாயிரம் முறை உருட்டிக் குறித்துக்கொண்டேன், டம்ளர் வைத்துப் பாதி, வைக்காமல் பாதி. இருபது விழுந்தது இருநூற்று மூன்று முறை. நேர்மையான பகடை. டம்ளரில் பட்டதால் ஒரு வித்தியாசமும் இல்லை. அன்று என் கையிலிருந்து இரண்டு முறையும் இருபதுதான் விழுந்தது. நடந்தது. நாலாவது ஆளாக ஒத்துக்கொள்கிறேன். இப்படிக்கு, சுப்பண்ணன்.”