வெறுங்கை விளையாட்டு

மத்தியானம் ஒரு மணிக்கு உஸ்மான் ரோட்டுப் பாத்திரக் கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு வந்தால், செருப்பைக் கழற்றிய கையோடு கனகராஜ் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். நாற்பத்தாறு வயது. தொந்தி கதவுக்கு வெளியே தெரியும். அடுப்படியில் மோர் கரைத்துக்கொண்டிருக்கும் சண்முகவடிவின் கண்ணிலும் அது படும். ஆனால் அவள் தேட வேண்டுமென்று அவர் ஒளியவில்லை. "ராஜாத்தி, எங்க இருக்கேன், கண்டுபிடி பாப்போம்" என்று குழைகிற அந்தக் குரல் அவளுக்கானதே அல்ல. ராஜாத்தி என்பது நாய்.

எழுபத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில் கடை வாசலில் நடுங்கிக்கொண்டு நின்ற செவலைக் குட்டி. துண்டில் சுற்றித் தூக்கி வந்துவிட்டார். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைப்பதென்று ஊரில் பேச்சுக்குத்தான் சொல்வார்கள், இந்த மனுஷன் நிஜமாகவே வைத்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் துண்டுக்கடியில் கையை விட்டு எலிபோல ஊர்ந்து காட்டுவார். அது பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பல் படாமல் கவ்வும். எச்சில் வழியும் கையைப் பெருமையாகத் தூக்கிக் காட்டுவார். சோறு ஆறிப்போகும். சண்முகவடிவின் வயிறு மட்டும் காந்திக்கொண்டே இருக்கும்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கணேசமூர்த்தி பிறந்தபின் கொஞ்ச காலம் "கணேசு அம்மா" என்றார். மகன் பாளையங்கோட்டை ஹாஸ்டலுக்குப் போனதும் அதுவும் போயிற்று. இப்போது வெறும் "இந்தா"தான். இந்தா என்றால் எடுத்துக்கொள் என்றும் அர்த்தம். பதினெட்டு வருஷமாக என்னத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. நாய்க்கோ ஒரு நாளைக்கு நாற்பது ராஜாத்தி.

ஒருநாள் பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் சிவப்பு ரப்பர் பந்து ஒன்று வாங்கி வந்தாள். பந்தைப் போட்டால் நாய் அதன் பின்னால் ஓடும், இவர் சும்மா இருப்பார் என்று கணக்கு. கனகராஜ் அதை வாங்கி பீரோ மேல் வைத்துவிட்டார்.

"பந்தப் போட்டா அது பந்தையில்லா பாக்கும். வெறுங்கையா நின்னாத்தான் நம்ம மூஞ்சியப் பாக்கும்."

அவளுக்குச் சுருக்கென்றது. அப்படியானால், ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் இவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

மறுநாள் காலையில், பாத்திரம் தேய்க்க வரும் தாயம்மாவிடம் ரகசியமாகக் கேட்டாள். "இந்த நாய ஒங்க குடிசப் பக்கம் கொண்டு போயிருதியா? அவுத்துக்கிட்டு ஓடிட்டுன்னு சொல்லிருதேன்."

தாயம்மா கையில் சாம்பலோடு நிமிர்ந்தாள். "இன்னாக்கா, நாயோட சக்களத்தி சண்ட போட்டுக்கினு கீறே? நான் இட்டுக்கினு பூடறேன், அது ஒண்ணும் பெரிசில்ல. அது பூட்டா உங்கூட்டுக்காரரு உன்னாண்ட ஒளிஞ்சி புடிச்சி ஆடுவாரா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சண்முகவடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. தாயம்மா போனபிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. சமைத்தாள். இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். ஒரு மணிக்கு மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும், என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் சாமான் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தி, அரிசி டின்னுக்குப் பின்னால் குந்திவிட்டாள்.

சாத்தும்போதே ராஜாத்தியும் நுழைந்துவிட்டது. நேராக வந்து அவள் முழங்கையை முகர்ந்தது. கண்டுபிடித்துவிட்டதாம். "நீ ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம், சனியனே" என்று பல்லைக் கடித்தாள். அது அவள் மூஞ்சியையே பார்த்தது.

"ராஜாத்தி?" வெளியே அவர் குரல். நாய் முனகியது. சட்டென்று அதன் வாயைப் பொத்தினாள்.

"இந்தா." குரல் கொஞ்சம் உயர்ந்தது. "இந்தா, சோறு வையி." அடுப்படிவரை நடந்தார். கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார் போலிருக்கிறது. மாடிப்படி இறங்கிப் போய் ஏறி வந்தார். இந்த முறை மூச்சு வாங்கியது. கூடத்து நடுவில் காலடி நின்றது.

"வடிவு?"

அவளுக்கு அது வேறு யாருடைய பேரோ போலிருந்தது. அவள் அம்மா போனபிறகு அந்தப் பேரைச் சொல்ல ஆளில்லை. ஒரு தரம் போதாது, இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று இருந்தாள். நாய்க்கு நாற்பது, எனக்கு ஒன்றா?

கதவுக்கடியில் வெளிச்சம் மறைந்தது. அவருடைய பாதங்கள். குதிகால் இரண்டும் தரையில் படவில்லை, நாயிடம் வருகிறபோது வருவாரே, அப்படி. யாரைப் பிடிக்க இப்படி வருகிறார் என்று நினைத்ததுமே அவளுக்கு மறுபடி வயிறு எரிந்தது. எரிந்தபடியே சிரிப்பும் வந்து தொலைத்தது.

ஒரு கையால் நாயின் வாயையும் மறுகையால் தன் வாயையும் இறுகப் பொத்திக்கொண்டாள். வாலைப் பிடிக்கக் கை இல்லை. அது அரிசி டின்னில் டம் டம்மென்று அடித்துக்கொண்டிருந்தது.