சிவப்பு விளக்கு

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பா கராஜிலிருந்து திரும்பி வந்து, ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து, "சிவப்பு" என்றார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். மட்டைப் பையைச் சுமந்து மோட்டாரில் ஓடும் கோல்ஃப் டிராலியின் பேட்டரி முழுக்க சார்ஜ் ஆனால் சார்ஜரில் பச்சை விளக்கு, ஆகாவிட்டால் சிவப்பு. பத்து மணிக்குக் கிளப் கோப்பையின் இறுதி ஆட்டம்.

அந்தப் பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு செங்கல்லை ஒட்டிவைத்த அளவு, பழைய ஈய வகை. ஆடிவிட்டு வந்தால் அப்பா மழைக்கோட்டைக் கழற்றுவதற்கு முன் அதைச் சார்ஜில் போடுவார். காலி வயிற்றோடு ஓர் இரவுகூட அதைக் கிடக்கவிட்டதில்லை. ஆட்டமே இல்லாத பனிமாதங்களிலும் மாதம் ஒருமுறை ஊட்டுவார். சிமெண்ட் தரை அதற்கு ஆகாது என்று பலகை போட்டிருந்தார். அது வெறும் கட்டுக்கதை என்று நான் டண்டீ கல்லூரியிலிருந்து செய்தி கொண்டுவந்தபோது, "பலகை இருந்துட்டுப் போகட்டும்" என்றார். மூன்று ஆண்டுகளாக வெளியூரில் படிக்கும் என்னிடம் இவ்வளவு அக்கறையாக அவர் விசாரித்ததில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. பேட்டரி எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை.

போன ஆண்டு அப்பாவின் நெஞ்சைத் திறந்து தைத்தார்கள். பையைத் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, நின்றுபோன டிராலியைத் தள்ளவும் கூடாது என்று மருத்துவர் சொன்னதை அம்மா அப்படியே சத்தியமாக வாங்கிக்கொண்டாள். எங்கள் கிளப்பிலோ, இறுதி ஆட்டத்தில் ஆடுபவரின் பையை இன்னொருவர் தொடக் கூடாது என்பது நூறாண்டு வழக்கம். ஆக, பேட்டரி நின்றால் அப்பாவும் நிற்க வேண்டும். எதிரே ஆடுபவர் கால்டர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். இதே கோப்பையில் அப்பாவை மூன்று முறை தோற்கடித்தவர்.

"நான் தொடல," என்றாள் அம்மா.

"நான் ஒண்ணும் சொல்லலயே, இஷ்பல்."

"உன் மூஞ்சி சொல்லுது."

மூஞ்சி சொன்னதில் நியாயம் இருந்தது. படுக்கப் போகுமுன் வீட்டின் ஒவ்வொரு பிளக் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது அம்மாவின் வழக்கம். டோஸ்டர், டிவி, ஒருமுறை மீன் நிறைந்த ஃப்ரீசர். அவளுடைய அத்தை வீடு எப்போதோ தீப்பிடித்ததாம். அதனால்தான் அப்பா வெள்ளிக்கிழமை மாலை பயிற்சி ஆட்டம் முடித்துச் சார்ஜ் போட்டதுமே சார்ஜரின் சுவிட்ச் மேல் டேப் ஒட்டி, 'இஷ்பல், தயவுசெய்து' என்று எழுதிவைத்திருந்தார். டேப் காலையிலும் ஒட்டியபடியே இருந்தது.

"கால்டர்கிட்ட சொல்லி ஆட்டத்தத் தள்ளிவைக்கச் சொல்லுங்களேன்," என்றேன்.

"கடவாப்பல் வலிச்சப்பவே அவன்கிட்ட நான் போய் நிக்கல."

ஒன்பதரைவரை சார்ஜ் போட்டார். விளக்கு சிவப்பிலிருந்து மாறவில்லை. பிறகு ஒரு பழைய கவரின் பின்பக்கம் பதினெட்டுக் குழிகளையும் எழுதி, எது ஏற்றம், எது இறக்கம் என்று குறித்தார். இறக்கத்தில் மோட்டாரை அணைத்துவிட்டால் டிராலி தானாக உருளும். ஏற்றத்தில் மட்டும் மின்சாரம். ஒரு நாட்டுக்கே பட்ஜெட் போடுகிற முகத்தோடு போட்டார்.

மைதானத்தில் கடற்காற்று காதைத் திருகியது. கால்டரின் புது டிராலி, ரிமோட்டில் ஓடுவது, நாய்க்குட்டிபோல அவர் முன்னால் போயிற்று. அப்பா முதல் இறக்கத்திலேயே மோட்டாரை அணைத்துக் கைப்பிடியை விரலால் மட்டும் பிடித்து நடந்தார்.

"என்ன இன்னஸ், டிராலிக்கும் ஆபரேஷனா?" என்றார் கால்டர்.

"உன்னோடது மாதிரி ரிமோட்டுக்கு ஆடாது. இது மானஸ்தன்."

பதினைந்து குழிவரை அந்தக் கவர் பொய் சொல்லவில்லை. ஆட்டம் சமநிலையில் இருந்தது. பதினாறாவதின் மணல்மேட்டில் பாதி ஏறியதும் டிராலி ஒருமுறை முனகி நின்றது. அப்பா பட்டனை அழுத்தினார். இன்னொருமுறை அழுத்தவில்லை.

"வழக்கமாவது ஒண்ணாவது. உன் பையன் தள்ளட்டும். நான் பாக்கவே இல்ல," என்று கால்டர் கடல்பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனிதர்தான், அப்பாவுக்கு அதுதான் பிடிக்காது.

"வேணாம்," என்றார் அப்பா.

பிறகு ஃபிளாஸ்க்கை அணைத்தபடி பின்னால் வந்த அம்மாவைப் பார்த்தார். "டேப்ப நீ தொடல. சரி. கராஜ் வாசல்ல மெயின் சுவிட்ச் ஒண்ணு இருக்கே?"

"நான் கராஜுக்குள்ள போயே ரெண்டு மாசமாச்சு. நேத்து ஒம்பது மணிக்குக் கடைசியா ஒருவாட்டி பாத்துட்டு வரேன்னு போனது யாரு?"

 அப்பா தன் வலது கையைப் பார்த்தார். நேற்றிரவு போனார், பேட்டரியைப் பார்த்தார், வெளியே வந்தார். முப்பத்தொரு வருடக் கல்யாணம் கற்றுக்கொடுத்ததை வாசலில் அந்தக் கை செய்திருந்தது. காலையில் உள்ளே நுழையும்போது அதே கைதான் மெயின் சுவிட்சைத் திரும்பப் போட்டும் இருக்கிறது. அவர் அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கையை வெளியே எடுத்து, டிராலிப் பையிலிருந்து மட்டைகளை ஒவ்வொன்றாக உருவினார். மூன்று. பந்துகள் இரண்டைப் பாக்கெட்டில் போட்டார்.

"பையத்தானே தூக்கக் கூடாதுன்ன?"

அம்மா மட்டைகளை எண்ணினாள். "நாலாவது எடுத்தா நான் வீட்டுக்குப் போறேன்."

"மூணு போதும். அவனுக்கு இதுவே ஜாஸ்தி."

 அப்பாவும் கால்டரும் மேட்டில் ஏறினார்கள். முன்னால் ரிமோட் டிராலி ரீங்கரித்தது. மூன்று மட்டைகளைக் குடைபோல அக்குளில் இடுக்கிக்கொண்டு, மூச்சுக்கு ஒருமுறை நின்று நின்று, அப்பா காற்றுக்குள் தலை குனிந்து போனார்.

நாங்கள் பின்தொடர்ந்தோம். டிராலி சரிவில் தனியாக, பையோடு, கடலைப் பார்த்து நின்றது. அதன் கைப்பிடியில் பேட்டரி தீர்ந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு இன்னும் மங்கலாகத் துடித்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி நாலடி போன அம்மா திரும்பி வந்தாள். பையைத் தொடாமல் கவனமாகக் குனிந்து, சுவிட்சை அணைத்துவிட்டு, அப்பாவுக்குப் பின்னால் மேடேறினாள்.